மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்: தெரியாமல் ஊக்கமருந்து வழக்கில் மாட்டாமல் இருக்க

அணிக்குப் புதிதாக யார் வந்தாலும், முதல் வாரத்திலேயே அவர்களுடைய மருந்துப் பையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் கொட்டச் சொல்வேன். நான் தொழில்முறை அணிகளில் பிசியோதெரபிஸ்டாக இருப்பவள். முழங்காலையும் தோள்பட்டையையும் பார்த்துக்கொள்வது முதல் வேலை. அணியின் மருந்துப் பதிவேட்டைப் பராமரிப்பது அடுத்த வேலை. அந்தப் பைகளிலிருந்து விழுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாதி கிழிந்த சளி மாத்திரை அட்டை, மூடி ஒட்டிப்போன இருமல் சிரப், பெயர் அழிந்துபோன களிம்பு டியூப், ஜிம் நண்பர் தன் டப்பாவிலிருந்து கொட்டிக் கொடுத்த ஏதோ ஒரு பவுடர், வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை ஒன்றிரண்டு. நான் தேடுவது இவற்றைத்தான்.

ஊக்கமருந்து என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1988 சியோல் ஒலிம்பிக்கில் 9.79 விநாடியில் ஓடி, ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டால் பிடிபட்டுத் தங்கத்தை இழந்த பென் ஜான்சன். இல்லையென்றால் 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்ட லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். தெரிந்தே செய்தவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. நேர்மையாக விளையாடுகிற, ஆனால் ஒரு சளி மாத்திரையால் எல்லாவற்றையும் இழக்கக்கூடிய வீரருக்காகவும், அவர் வீட்டாருக்காகவும் எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியாது" என்றால் யாரும் விடமாட்டார்கள்

வாடா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதித்தொகுப்பு 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அடித்தளம் ஒரே விஷயம்தான்: உங்கள் உடம்பில் எது கிடைத்தாலும் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. யார் கொடுத்தார்கள், எதற்காகச் சாப்பிட்டீர்கள் என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம். விதியை மீறினீர்களா இல்லையா என்ற கேள்வி மாதிரியில் அந்தப் பொருள் இருந்தபோதே முடிந்துவிடும். ஸ்டீராய்டு வகையறாவுக்கு வழக்கமான தடை 4 ஆண்டு. சளி மருந்தில் வருவது போன்ற பொருள்களுக்கு 2 ஆண்டு. தொழில்முறை வீரருக்கு 2 ஆண்டு என்பதே பாதி வாழ்க்கை.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆன்ட்ரியா ரடுக்கான் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆல்ரவுண்ட் பிரிவில் தங்கம் வென்றார். வயது 16. சளிக்காக அணி மருத்துவர் கொடுத்த சாதாரண மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தது. அந்தத் தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் ஏமாற்றினாள் என்று யாருமே சொல்லவில்லை. இருந்தும் பதக்கம் போனது போனதுதான்.

2003 கிரிக்கெட் உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில் ஷேன் வார்ன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. கொடுத்தது அவருடைய அம்மா. ஓராண்டு தடை. 2011-ல் கால்பந்து வீரர் கோலோ டூரே, மனைவியின் எடைக்குறைப்பு மாத்திரையைச் சாப்பிட்டு 6 மாதம் உட்கார வேண்டியதாயிற்று. மருத்துவர், அம்மா, மனைவி. கவனித்தீர்களா? நம்பக்கூடாத யாரோ கொடுத்ததல்ல எதுவும். அதனால்தான் "நம்பிக்கையான ஆள் கொடுத்தது" என்ற பேச்சையே என் அறையில் நான் அனுமதிப்பதில்லை. கொடுத்தவரை நம்புங்கள், அட்டையை மட்டும் நீங்களே படியுங்கள்.

அட்டையைப் படிப்பது எப்படி

பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்ட் பெயரை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ஜெனரிக் பெயர்கள்தான், அதாவது உள்ளே இருக்கும் மருந்துப் பொருள்களின் பெயர்கள்தான் நமக்கு வேண்டியவை. ஒன்று இருந்தால் ஒன்று; நான்கு இருந்தால் நான்கையும் தனித்தனியாக வாடாவின் தடைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மூன்று பெயர்களைப் பார்த்து நான்காவதை விட்டுவிட்டால் பார்த்ததற்கே அர்த்தமில்லை. கிழித்துக் கொடுத்த அட்டையில் பெயர் தெரியவில்லை என்றால் அது குப்பைக்குத்தான்.

பிராண்ட் பெயரை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு ஸ்காட்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் அலைன் பாக்ஸ்டரைத்தான் எப்போதும் சொல்வேன். 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்லாலோம் பிரிவில் வெண்கலம். ஊரில் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே விக்ஸ் இன்ஹேலரைத்தான் அமெரிக்காவிலும் வாங்கினார். பிரிட்டனில் விற்பதில் இல்லாத லெவ்மெதாம்ஃபெட்டமின் அமெரிக்காவில் விற்பதில் இருந்தது. பதக்கம் பறிபோனது. ஒரே பெயர், ஒரே வடிவம், உள்ளே வேறு. வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும்போது தேவையான மருந்தை இங்கேயே சரிபார்த்து, மருந்துச் சீட்டோடு எடுத்துப் போய்விடுவது நல்லது. அங்கே வாங்கியே ஆக வேண்டுமென்றால் பழகிய பெயராக இருந்தாலும் முதல் தடவை பார்ப்பது போலப் படியுங்கள்.

இனி, என் மேஜையில் அடிக்கடி வந்து விழும் சிக்கல்கள்.

சளி, மூக்கடைப்பு: சூடோஎஃபெட்ரின் போட்டிக் காலத்தில் மட்டும் தடை, சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் மாட்டுவீர்கள். போட்டிக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக நிறுத்திவிட வேண்டும் என்பது வாடா சொல்லும் கணக்கு. என்னைக் கேட்டால், அந்தப் பக்கமே போகவேண்டாம். ஃபினைலெஃப்ரின் தடையில் இல்லை, மூக்கில் விடும் ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்தும் தடையில் இல்லை. மாற்று இருக்கும்போது எதற்கு மணிக்கணக்கு பார்க்க வேண்டும்? போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11:59-க்கே தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலையில் களமிறங்கும்போதுதான் ஆரம்பம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இருமல் சிரப்: தேட வேண்டிய சொல் டெர்பியூட்டலின். எந்த நேரத்திலும் தடை, வாய்வழியாக எடுத்தாலும் தடை. சிரப் பாட்டிலில் புரோம்ஹெக்சின், குவைஃபெனசின் ஆகியவற்றோடு சேர்ந்து சாதுவாக உட்கார்ந்திருக்கும். கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு 2019-ல் 8 மாதத் தடை வந்தது இந்த டெர்பியூட்டலினால்தான்.

ஆஸ்துமா: சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு அளவோடு அனுமதி உண்டு. 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் போகக்கூடாது. பெரும்பாலான இன்ஹேலர்களில் ஒரு முறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம். ஆக, 8 மணி நேரத்துக்கு 6 முறை. மூச்சுத் திணறும்போது எண்ணிக்கொண்டிருக்க முடியாது, உயிர்தான் முக்கியம், தேவையானதை எடுங்கள். எடுத்த நேரத்தைப் பக்கத்திலிருப்பவரிடம் குறித்து வைக்கச் சொல்லிவிட்டு உடனே அணி மருத்துவரிடம் தெரிவியுங்கள். அதே சால்பியூட்டமாலை மாத்திரையாகவோ சிரப்பாகவோ எடுத்தால் அனுமதி கிடையாது.

ரத்த அழுத்த மாத்திரை: டெல்மிசார்டன் மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. அதோடு ஹைட்ரோகுளோரோதையசைட் சேர்ந்தால் எல்லா நேரமும் தடை, ஏனென்றால் அது சிறுநீரைப் பெருக்கி மற்ற மருந்துகளின் தடயத்தை மறைக்கக்கூடியது. இந்த இரண்டு மாத்திரைகளின் பெயரிலும் வித்தியாசம் கடைசியில் ஒட்டியிருக்கும் ஓரெழுத்தாக மட்டும் இருக்கலாம். எடைப் பிரிவு விளையாட்டுகளில் இருப்பவர்கள் "தண்ணீர் எடையை இறக்க" யாராவது மாத்திரை நீட்டினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மூட்டு வலி ஊசி: 2022 ஜனவரி 1 முதல் வீக்கத்தைக் குறைக்கும் எல்லா வகை குளுக்கோகார்ட்டிகாய்டு ஊசிகளும் போட்டிக் காலத்தில் தடை. முழங்காலுக்குள் போடும் ஊசியும் இதில் சேரும். உடம்பிலிருந்து வெளியேற எடுக்கும் காலம் மருந்துக்கு மருந்து மாறும். ட்ரையாம்சினோலோன் அசிட்டோனைடை மூட்டுக்குள் போட்டால் 10 நாள். அதையே தசையில் போட்டால் 60 நாள். ஊசி போடும் மருத்துவரிடம் உங்கள் அடுத்த போட்டித் தேதியைச் சொல்லாமல் சட்டைக் கையை மடிக்காதீர்கள். டிராமடோல் வலி மாத்திரையும் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடைக்குள் வந்துவிட்டது.

டிரிப்ஸ்: இதைச் சொல்லும்போது பலரும் நம்ப மறுக்கிறார்கள். 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவதே தடை, பாட்டிலில் வெறும் சலைன் இருந்தாலும்கூட. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோயறியும் பரிசோதனை இவற்றின்போது ஏற்றினால் விதிவிலக்கு உண்டு. ஹோட்டல் அறையில் அசதிக்காக ஏற்றும் வைட்டமின் டிரிப்ஸுக்கு இல்லை.

காபி பற்றி யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்கள். குடிக்கலாம். காஃபின் 2004-லேயே பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

பவுடர் டப்பாக்கள்

மருந்தையாவது அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். சப்ளிமென்டில் அட்டையையே நம்ப முடியாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிதியில் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்டுகளைச் சோதித்தபோது 94-ல், லேபிளில் எழுதப்படாத ஸ்டீராய்டு முன்பொருள்கள் இருந்தன. பழைய ஆய்வுதான், 2000-01 காலத்தியது. ஆனால் அதற்குப் பிறகும் வழக்குகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஜெசிக்கா ஹார்டி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கைத் தவறவிட்டது மாசுபட்ட சப்ளிமென்டில் இருந்த கிளென்பியூட்டராலால்.

என் நிலைப்பாடு இதுதான்: ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தாலொழிய சப்ளிமென்ட் வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் போன்ற சோதனைத் திட்டங்களின் முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள். முத்திரை இருந்தால் போதாது. டப்பாவின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணை அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் போட்டு, அதே பேட்ச் சோதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதனால் ஆபத்து குறையும்; முழுக்கப் போய்விடாது. "ஃபேட் பர்னர்", "ப்ரீ-ஒர்க்அவுட்" என்று எழுதியிருந்தால் எனக்குப் படிக்கவே வேண்டியதில்லை, திருப்பிக் கொடுத்துவிடச் சொல்வேன். ஹிஜெனமின், டைமெத்திலமைலமின் போன்ற தடைப் பொருள்கள் குடியேறும் இடம் அதுதான். டைமெத்திலமைலமின் சில லேபிள்களில் ஜெரேனியம் சாறு என்று மூலிகை வேடத்தில் வரும். தசை வளர்க்க எடுக்கும் தடைப் பொருளான ஆஸ்டரினை எனோபோசார்ம் என்றும் எம்கே-2866 என்றும் எழுதுவார்கள். "இயற்கையானது" என்ற சொல்லுக்குப் பட்டியலில் எந்தச் சலுகையும் இல்லை.

இதே ஜிம்களில்தான் "இது டெஸ்டில் வராது" என்று ஒருவர் காதோரம் சொல்வதும் நடக்கும். இளம் வீரர்களுக்கு நான் இதற்குச் சொல்லும் பதில்: இன்று வராமல் இருக்கலாம். மாதிரிகளை 10 ஆண்டு வரை வைத்திருந்து மறுபடி சோதிக்க விதி இருக்கிறது. 2008, 2012 ஒலிம்பிக் மாதிரிகளைப் பிறகு புதிய முறைகளில் சோதித்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். அதையும் தாண்டி, சோதனையில் வராவிட்டாலும் உடம்பில் வரும். சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ ஊசி ரத்தத்தைக் கெட்டியாக்குகிறது. ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் ஆண்களின் விந்து உற்பத்தியையும் பதம் பார்க்கிறது. இருபது வயதுப் பிள்ளைக்கு இதைச் செய்யத் தூண்டுகிறவர் மீது எனக்கு வரும் கோபத்தை எழுத்தில் அடக்கமாகச் சொல்ல முடியவில்லை.

தோல் வழியாகவும் போகும்

இது என் தொழிலைத் தொடுகிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிளோஸ்டெபால் என்றொரு ஸ்டீராய்டு, காயம் ஆற்றும் களிம்பாகவும் ஸ்ப்ரேயாகவும் இத்தாலியில் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. 2016-ல் நார்வேயின் பனிச்சறுக்கு வீராங்கனை தெரேசே யோஹாக், வெயிலில் வெடித்த உதட்டுக்கு அணி மருத்துவர் வாங்கிக் கொடுத்த களிம்பைத் தடவினார். 18 மாதத் தடை. 2018 குளிர்கால ஒலிம்பிக் போயிற்று. அந்தக் களிம்பின் பெட்டியிலேயே ஊக்கமருந்து எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது.

2024-ல் டென்னிஸ் வீரர் யானிக் சின்னருக்கு நடந்தது இன்னும் நுட்பமானது. அவர் எதையும் சாப்பிடவில்லை, தடவிக்கொள்ளவும் இல்லை. அவருடைய பிசியோ தன் விரல் வெட்டுக்காயத்துக்குக் கிளோஸ்டெபால் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, கையுறை இல்லாமல் மசாஜ் செய்திருக்கிறார். அவ்வளவுதான். மிக மிகச் சிறிய அளவு தோல் வழியாகப் போய் மாதிரியில் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் சின்னர் 3 மாதத் தடையை ஏற்றுக்கொண்டார்.

அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து என் கையில் ஒரு கீறல் இருந்தாலும் என்ன தடவினேன், எப்போது தடவினேன் என்று பதிவேட்டில் என் பெயரிலும் ஒரு பக்கம் எழுதுகிறேன். உங்கள் பிசியோவிடமும் மசாஜ் செய்பவரிடமும் "கையில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வயதில் பெரியவராயிற்றே என்று தயங்க வேண்டாம். என்னிடம் கேட்கும் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். துண்டு, தண்ணீர் பாட்டில், களிம்பு, உதட்டு பாம் எதையும் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

பட்டியல் மாறும், நோய் மாறாது

தடைப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட்டு ஜனவரி 1-ல் அமலுக்கு வரும். மெல்டோனியம் என்ற இதய மருந்து 2016 ஜனவரி 1-ல் சேர்க்கப்பட்டது. அதை ஆண்டுக்கணக்கில் எடுத்துவந்த மரியா ஷரபோவா அந்த மாதம் நடந்த ஆஸ்திரேலிய ஓபனிலேயே பிடிபட்டார். கடைசியில் 15 மாதத் தடை. புதிய பட்டியல் சில மாதம் முன்பே வெளியாகிவிடும். டிசம்பரில் ஒரு மாலை உட்கார்ந்து, வழக்கமாக எடுக்கும் ஒவ்வொரு மருந்தையும் புதிய பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

இன்சுலின் போல விடவே முடியாத மருந்து பட்டியலில் இருந்தால், டியூஇ எனப்படும் சிகிச்சைக்கான விதிவிலக்குக்கு விண்ணப்பிக்கலாம். போட்டிக்கு 30 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். மருத்துவரின் கடிதம் மட்டும் போதாது. நோய் உறுதியான பரிசோதனை முடிவுகள், ஏன் அனுமதிக்கப்பட்ட மாற்று மருந்து சரிவராது என்ற விளக்கம் எல்லாம் வேண்டும். அனுமதிக்குக் காலாவதித் தேதி உண்டு, அதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நோய்க்கு மருந்து எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தடைக்குப் பயந்து சிகிச்சையை நிறுத்திவிடும் வீரர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கலங்குகிறது.

சோதனைக்குக் கூப்பிட்டால்

அறிவிப்பு வந்த நொடியிலிருந்து உடன்வரும் அலுவலரின் பார்வையில்தான் இருக்க வேண்டும். பதக்க விழா, பத்திரிகையாளர் சந்திப்பு, காயத்துக்குச் சிகிச்சை இவற்றுக்கெல்லாம் போக அனுமதி கேட்கலாம். அவரும் கூட வருவார். தனியாகப் போகாதீர்கள், அணியிலிருந்து ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் வேண்டும். உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஓர் அலுவலர் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். உடையை மார்பிலிருந்து முழங்கால்வரை விலக்கச் சொல்வார். முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். வரவில்லையே என்று லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்காதீர்கள். நீர்த்துப்போனால் மாதிரி செல்லாது என்று மறுபடி கேட்பார்கள், இன்னும் பல மணி நேரம் அங்கேயே கிடக்க வேண்டியிருக்கும். சீல் வைத்த பாட்டிலை நீங்களே தேர்ந்தெடுத்துத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

சேகரிப்புப் பாத்திரமும் ஏ, பி பாட்டில்களும் பல உறைகளிலிருந்து நீங்கள் எடுப்பது. பாட்டில், மூடி, படிவம் மூன்றிலும் எண் ஒன்றுதானா என்று விரலை வைத்துப் பாருங்கள். கடந்த 7 நாளில் எடுத்த மருந்து, சப்ளிமென்ட் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுங்கள். நினைவை நம்பாமல் பதிவேட்டின் படத்தை போனில் வைத்திருங்கள். நடைமுறையில் ஏதாவது தவறாகப் பட்டால் குறிப்புப் பகுதியில் எழுதிவிட்டு மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். மறுக்கவே கூடாது. 2018-ல் சோதனையாளர்களின் ஆவணங்கள் சரியில்லை என்று தகராறு செய்து, ரத்தக் குப்பி வைத்த பெட்டியைச் சுத்தியலால் உடைக்கும் நிலைக்குப் போன நீச்சல் வீரர் சுன் யாங்குக்குக் கடைசியில் 4 ஆண்டு 3 மாதத் தடை கிடைத்தது.

எந்நேரமும் சோதிக்கப்படக்கூடிய வீரர்களின் பட்டியலான பதிவுசெய்யப்பட்ட சோதனைக் குழுவில் உங்கள் பெயர் இருந்தால், தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பீர்கள் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 மாதத்தில் 3 தவறுதல் என்றால் மருந்தே எடுக்காமல் விதிமீறல். ஓட்டவீரர் கிறிஸ்டியன் கோல்மன் டோக்கியோ ஒலிம்பிக்கைத் தவறவிட்டது இப்படித்தான். சோதனையாளர் வந்தபோது அவர் கடைக்குப் போயிருந்தார், போன் செய்திருக்கலாமே என்ற வாதம் எடுபடவில்லை. தூங்கி எழும் நேரத்தை அந்த ஒரு மணி நேரமாகக் கொடுத்துவிடுங்கள், வீட்டில்தான் இருப்பீர்கள். பயணம் மாறினால் டாக்ஸியில் ஏறும் முன்பே செயலியில் மாற்றிவிடுங்கள்.

கடிதம் வந்துவிட்டால்

உங்கள் மாதிரியில் தடைப் பொருள் கிடைத்தது என்று சொல்லும் கடிதம் வரவே கூடாது. வந்துவிட்டால் முதலில் சமூக ஊடகத்தில் எதுவும் எழுதாதீர்கள். கடிதத்தில் உள்ள கெடு தேதிகளைக் குறித்துக்கொண்டு, விளையாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். மறுசோதனைக்காக வைத்திருக்கும் பி மாதிரியைத் திறக்கக் கேட்கலாம், திறக்கும்போது நீங்களோ உங்கள் பிரதிநிதியோ அங்கே இருக்கலாம். ஏ மாதிரி குறித்த ஆய்வக ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எதையும் தூக்கி எறியாதீர்கள். வீட்டிலுள்ளவர்கள் பயத்தில் முதலில் செய்வது அலமாரியைச் சுத்தம் செய்வதுதான். உங்களைக் காப்பாற்றக்கூடியது அந்த அலமாரியில்தான் இருக்கிறது. 2024-ல் டென்னிஸ் வீராங்கனை இகா ஸ்வியாடெக் ட்ரைமெட்டாசிடின் என்ற இதய மருந்துக்குப் பிடிபட்டபோது, அவர் தூக்கத்துக்காக எடுத்த மெலடோனின் மாத்திரையில்தான் மாசு இருந்தது என்று ஆய்வகத்தில் காட்ட முடிந்தது. ஒரு மாதத் தடையோடு முடிந்தது. அதனால் சப்ளிமென்டோ மருந்தோ தீர்ந்த பிறகும் டப்பாவை வைத்திருங்கள், அடியில் சில மாத்திரைகளோ ஒரு கரண்டி பவுடரோ மிச்சம் இருக்கட்டும். பில்லையும் பேட்ச் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் அதே பேட்ச்சில் சீல் உடைக்காத டப்பா ஒன்றையும் தேடி வாங்குங்கள். திறந்த டப்பாவில் நீங்களே எதையோ கலந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. சீல் வைத்ததை நீங்கள் திறக்காமல் வழக்கறிஞர் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.